பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதற்கு ஓர் எளிய அறிமுகம்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள ஒரு பழைய கார் கைக்கு வந்ததும் என்ஜின் ஆயிலை மாற்றுகிறோம், ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுகிறோம், பிரேக்கைச் சரிபார்க்கிறோம். கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடுவதற்கு மட்டும் பலரும் தயங்குகிறார்கள். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்குக் கிளற வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஆயில், தேய்மானத்தைக் குறைப்பதற்காக மட்டும் ஊற்றப்பட்டதன்று. என்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதும், எப்போது எந்தக் கியர் விழ வேண்டும் என்பதை முடிவுசெய்வதும் அந்த ஆயில்தான். அதைக் கியர்பாக்ஸின் உறுப்புகளில் ஒன்றாகவே கொள்ள வேண்டும். இது மனத்தில் பதிந்துவிட்டால், ஏன் ஆயிலின் வகை மாறக்கூடாது, ஏன் அளவு பிசகக்கூடாது, ஏன் ஒரு நூலிழைகூட உள்ளே விழக்கூடாது என்பவையெல்லாம் தாமாகவே விளங்கும்.

ஆயில் உள்ளே என்ன செய்கிறது?

சாதாரண காரில் கிளட்ச் இருக்கும் இடத்தில், ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வெர்ட்டர் என்னும் மூடிய வட்டக் கலம் இருக்கிறது. அதன் ஒரு பாதி என்ஜினோடு சேர்ந்து சுழல்கிறது. அந்தப் பாதியிலுள்ள தகடுகள் ஆயிலை வீசியடிக்க, எதிரே உள்ள இன்னொரு சக்கரம் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு சுழன்று கியர்களை இயக்குகிறது. 1960களிலும் 70களின் பெரும்பகுதியிலும் வந்த பெரும்பாலான பெட்டிகளில் இந்த இரண்டுக்கும் இடையே உலோகப் பிணைப்பு எதுவும் கிடையாது; என்ஜினின் சக்தி முழுவதும் ஆயில் வழியாகவே கடக்கிறது.

கன்வெர்ட்டரின் கழுத்து, பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள பம்பைச் சுழற்றுகிறது. அந்தப் பம்ப், பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்பிலிருந்து ஃபில்டர் வழியாக ஆயிலை உறிஞ்சி, அழுத்தத்தோடு வால்வு பாடிக்கு அனுப்புகிறது. வால்வு பாடி என்பது உலோக வார்ப்பில் வளைந்து நெளிந்து ஓடும் குறுகிய வழிகளும், அவற்றினுள் முன்னும் பின்னும் நகரும் சிறு வால்வுகளும், ஸ்பிரிங்குகளும், எஃகு உருண்டைகளும் கொண்ட ஓர் அமைப்பு. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில், காரின் வேகத்தை கவர்னர் என்னும் உறுப்பு ஓர் ஆயில் அழுத்தமாக மாற்றியது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதை ஒரு கேபிளோ, கம்பியோ, என்ஜினின் உறிஞ்சு விசையால் இயங்கும் வேக்குவம் மாடுலேட்டரோ இன்னோர் அழுத்தமாக மாற்றியது. இந்த இரண்டு அழுத்தங்களும் ஒரு வால்வின் இரு முனைகளிலும் மோத, எது வெல்கிறதோ அதற்கேற்பக் கியர் மேலேறுகிறது அல்லது இறங்குகிறது. வெறும் ஆயிலையும் ஸ்பிரிங்கையும் கொண்டு இப்படி ஒரு கணக்கைப் போட வைத்த அந்தக் காலப் பொறியாளர்களின் திறமை, எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பூட்டுவது.

வால்வு திறந்ததும் ஆயில் ஒரு பிஸ்டனை அழுத்துகிறது. பிஸ்டன் கிளட்ச் தகடுகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது, அல்லது பேண்ட் என்னும் பட்டையைச் சுழலும் டிரம்மின் மேல் இறுக்குகிறது. அந்தப் பிடிப்பும் ஆயிலில் நனைந்தபடியேதான் நடக்கிறது. இத்தனையிலும் உண்டாகும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு ஆயில் இரண்டு குழாய்கள் வழியாக ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குப் போய், ஆறித் திரும்புகிறது.

ஏன் மாற்ற வேண்டும்?

ஆயில் கெடுவதற்கு முதன்மைக் காரணம் வெப்பம். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் அளவில் அது நெடுநாள் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகிறது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மிகையாகச் சூடேறிய ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுப்பாகிறது; பிறகு வார்னிஷ் போன்ற மெல்லிய படலமாக வால்வுகளின் மேல் படிகிறது. வழுக்கிக்கொண்டு நகர வேண்டிய வால்வு அப்போது தயங்குகிறது. கியர் தாமதமாகவோ வெட்டியோ விழுகிறது. ரப்பர் சீல்கள் இறுகி, பிஸ்டனை அழுத்த வேண்டிய ஆயில் ஓரத்தில் கசிந்துபோகிறது. கிளட்ச் தகடுகளிலிருந்து உதிரும் துகள்கள் இவற்றோடு சேர்கின்றன.

அக்கால அமெரிக்கக் கைநூல்களில் 24,000 மைல், அதாவது சுமார் 39,000 கிலோமீட்டர் என்ற இடைவெளி அடிக்கடி காணப்படும். ஆனால் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டரே ஓடும் காருக்கு இந்தக் கணக்கு உதவாது. முன்பு எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் சரி.

இங்கே ஒரு பரவலான அச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய பெட்டியில் புது ஆயிலை ஊற்றினால் பெட்டி போய்விடும் என்கிறார்கள். ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே நின்றுபோன கார்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியவை. அதற்கு மருந்தாகத்தான் ஆயிலை மாற்றியிருப்பார்கள். எரிந்துபோன கிளட்சை எந்த ஆயிலும் மீட்டுத் தராது, பழி மட்டும் புது ஆயிலின் மேல் விழும். கார் கியரைச் சரியாகப் பிடிக்கிறது, ஆயில் சற்றுப் பழுப்பாக இருக்கிறது, கருகிய வாடை இல்லை என்றால் தயங்காமல் மாற்றலாம். மிதித்தால் என்ஜின் மட்டும் இரைந்து கார் நகரத் தயங்குகிறது, ஆயிலும் கறுத்துக் கருகி நாறுகிறது என்றால், தேவைப்படுவது பெட்டியைப் பிரித்துச் செப்பனிடும் வேலை. எந்தப் பழைய பெட்டிக்கும் இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு ஆயிலைத் தள்ளிக் கழுவும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஆண்டுகளாக ஓரங்களில் அடங்கிக் கிடக்கும் படிவை அது கிளப்பி வால்வு பாடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும். சம்பைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, இறங்கிய அளவுக்குப் புது ஆயில் ஊற்றும் பழைய முறையே நிதானமானது.

எந்த ஆயில்?

தொடக்க நிலையில் இருப்பவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுதான். கடை அலமாரியில் எல்லாக் குப்பிகளிலும் சிவப்புத் திரவம்தான் இருக்கும். சிவப்பு என்பது கசிவை என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகச் சேர்க்கப்படும் சாயமேயன்றி வகையைக் குறிப்பதன்று.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஹைட்ராமேட்டிக் பெட்டியை 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அறிமுகப்படுத்தியது. இத்தகைய பெட்டிகளுக்கென்றே 1949இல் டைப் ஏ என்ற தரத்தை வகுத்தது. 1957இல் அது டைப் ஏ சஃபிக்ஸ் ஏ ஆகத் திருந்தியது. 1967இல் டெக்ஸ்ரான் வந்தது. அந்தத் தொடக்ககால ஆயில்களில் உராய்வைப் பதப்படுத்துவதற்காக எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்ததால் அதற்கு மாற்று தேடப்பட்டு, டெக்ஸ்ரான் 2 உருவானது. பிறகு 1993இல் டெக்ஸ்ரான் 3, 2005இல் டெக்ஸ்ரான் 6 என்று வரிசை நீண்டது. டைப் ஏ அல்லது டெக்ஸ்ரான் கேட்கும் பழைய பெட்டிகளுக்கு, இன்று டெக்ஸ்ரான் 3 தரத்துக்கு இணையானது என்று குறிப்பிட்டு விற்கப்படும் ஆயில் பொருத்தமானது. டெக்ஸ்ரான் 6 முந்தையவற்றைவிட நீர்த்தது. தேய்ந்த சீல்கள் உள்ள பழைய பெட்டிக்குச் சற்றுத் தடித்த டெக்ஸ்ரான் 3 வகையே நல்லது என்பது என் கருத்து.

போர்டு நிறுவனம் வேறு வழியில் போனது. அதன் சி-4, சி-6 போன்ற பெட்டிகள் 1970களின் பிற்பகுதி வரை பெரும்பாலும் டைப் எஃப் என்ற ஆயிலைக் கேட்டன. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இருந்த போர்க்-வார்னர் 35 பெட்டிக்கும் இந்தக் குடும்பத்து ஆயில்தான். டைப் எஃபுக்கும் டெக்ஸ்ரானுக்கும் உள்ள வேறுபாடு கிளட்ச் தகடுகள் பிடிக்கும் கடைசிக் கணத்தில் வெளிப்படுகிறது. இரண்டு தகடுகள் நெருங்கி, அவற்றுக்கிடையே வழுக்கும் வேகம் குறைந்துகொண்டே வந்து, நின்று பூட்டிக்கொள்ளும் நேரத்தில், டெக்ஸ்ரானில் உள்ள வேதிப்பொருள் உராய்வைத் தணிக்கிறது. அதனால் பூட்டுவது மென்மையாக இருக்கிறது. டைப் எஃபில் அந்த வேதிப்பொருள் இல்லை. கடைசிக் கணத்தில் உராய்வு கூடுகிறது, தகடுகள் சட்டென்று பூட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆயிலின் இந்தக் குணத்தை மனத்தில் வைத்தே தகடுகளின் எண்ணிக்கையையும் பொருளையும் அழுத்தத்தையும் முடிவுசெய்தது. ஆகவே டைப் எஃப் கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரானை ஊற்றினால் தகடுகள் கூடுதல் நேரம் வழுக்கி, சூடேறித் தேயும். டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டியில் டைப் எஃபை ஊற்றினால் கியர் உதைத்து விழும்.

கிறைஸ்லரின் டார்க்ஃபிளைட் பெட்டிகள் டைப் ஏ, டெக்ஸ்ரான் வழியைச் சேர்ந்தவையாகத் தொடங்கின. அந்நிறுவனம் பின்னாளில் தனக்கென ஏ.டி.எஃப். பிளஸ் என்ற ஆயில் வரிசையை உருவாக்கிக்கொண்டது. இந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காரின் கைநூலையோ, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் பொறிக்கப்பட்ட எழுத்தையோ பார்க்க வேண்டும், எல்லாக் கார்களுக்கும் ஏற்றது என்று சொல்லி விற்கப்படும் குப்பியை ஒதுக்க வேண்டும். முன்னாள் உரிமையாளர் கியர்பாக்ஸையே மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆதலால் காரின் மாடலை மட்டும் நம்பாமல், சம்பின் வடிவத்தையும் போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் பார்த்துப் பெட்டியை அடையாளம் காண்பது நல்லது. ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350, 400 ஆகிய இரண்டிலும் 13 போல்ட், பவர்கிளைடில் 14, போர்டு சி-4இல் 11, சி-6இல் 17, டார்க்ஃபிளைட் 727இல் 14. கேஸ்கெட்டும் (சம்புக்கும் பெட்டிக்கும் இடையே கசிவைத் தடுக்க வைப்பது) ஃபில்டரும் வாங்கும்போது இந்த எண்ணிக்கை கைகொடுக்கும்.

அடியில் போவதற்கு முன்

காரைக் கொஞ்சம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொள்வது நல்லது. அழுக்கு மிதந்தபடி வெளியேறும். கொதிக்கக் கொதிக்கத் திறக்கக் கூடாது. பெரும்பாலான பழைய சம்புகளில் ஆயிலை வடித்து இறக்கும் பிளக் கிடையாது, ஆயில் முழுவதும் கழற்றும்போது ஒரே வீச்சில் சரியும். அது 80 டிகிரியில் கையில் கொட்டினால் தோல் வெந்துவிடும். பக்கத்தில் ஓடும் சைலன்ஸர் குழாயும் ஆறியிருக்க வேண்டும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இருத்த வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. பார்க் நிலையில் காரைப் பிடித்திருப்பது பெட்டிக்குள் உள்ள ஒரு சிறிய பல் மட்டுமே என்பதால் அதையும் நம்பக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். புது ஆயில் ஊற்றுவது டிப்ஸ்டிக் குழாய் வழியாகத்தான். அந்தக் குழாய் சரியாகப் பொருந்தி நிற்கிறதா, நீண்ட கழுத்துள்ள புனல் அதில் நுழைகிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பழைய ஆயிலை இறக்குங்கள்.

சம்பைக் கழற்றுவது

சம்பையும் அதைச் சுற்றியுள்ள பெட்டியின் விளிம்பையும் முதலில் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டால், திறக்கும்போது வெளித்தூசி உள்ளே போகாது. அகலமான டிரே ஒன்றை அடியில் வையுங்கள். எல்லாப் போல்ட்டுகளையும் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் உள்ளவற்றை எடுத்துவிட்டு, பின்பக்கத்தில் மட்டும் சிலவற்றைத் தொங்க விடுங்கள். கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு சம்ப் விடாமல் நிற்கும். மரப்பிடியால் ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் முன்பக்கம் கீழே சாய்ந்து, ஆயில் அந்த மூலை வழியாக டிரேயில் இறங்கும். ஸ்குரூ டிரைவரை விளிம்பில் நுழைத்து நெம்பினால் அலுமினியப் பெட்டியின் முகத்தில் கீறல் விழும்; அந்தக் கீறலே நாளைய கசிவு. ஆயில் பெரும்பகுதி இறங்கிய பிறகு சம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மீதிப் போல்ட்டுகளை எடுக்கலாம். இறங்கிய ஆயிலை அளவுக் குவளையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப ஊற்ற வேண்டியதற்கு அதுவே தொடக்கக் கணக்கு.

சம்பின் அடியைப் படிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெட்டியைப் பிரிக்காமலேயே அதன் உடல்நிலையை இங்கே தெரிந்துகொள்ளலாம், ஆகவே உடனே துடைத்துவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் சம்பைச் சாய்த்துப் பிடித்து, மிஞ்சிய ஆயிலை ஒரு மூலைக்கு ஓடவிட்டால் அடியில் படிந்தது தெரியும். சாம்பல் நிறத்தில் மெல்லிய குழைவு படிந்திருந்தால் கவலையில்லை. பல ஆண்டுகள் ஓடிய எந்தப் பெட்டியிலும் அது இருக்கும். சில சம்புகளில் காந்தம் ஒன்று இருக்கும்; அதன் மேல் மயிரிழைபோல நிற்கும் நுண்ணிய இரும்புத் தூளும் இயல்பானதே. அதை விரல்களுக்கிடையே எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்: வழுவழுப்பாக இருந்தால் சாதாரணத் தேய்மானம், நெறுநெறுவென்று உறுத்தினால் ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது. பொன்னிறத்தில் மினுங்கும் துகள்கள் புஷ்ஷோ வாஷரோ தேய்வதைக் காட்டும். கறுத்த செதில்கள் நிறைய இருந்தால் அவை கிளட்ச் தகடுகளின் மேற்பூச்சு. உடைந்த பிளாஸ்டிக் துண்டோ, உலோகச் சில்லோ கிடந்தால், புது ஆயில் ஊற்றும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆயிலின் நிறமும் பேசும். சிவப்பும் தெளிவும் நன்று. தெளிவான பழுப்பு, வயதானதைக் காட்டுகிறது. கறுப்பும் கருகிய வாடையும் தகடுகள் எரிந்ததன் அடையாளம். பால் கலந்ததுபோல் கலங்கிய இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீரும் கூலன்ட்டும் ஆயிலில் கலந்துவிட்டன என்று பொருள். அது கிளட்ச் தகடுகளின் பசையையே கரைத்துவிடும். அந்த நிலையில் காரை ஓட்டக் கூடாது. முதலில் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

நிறம் நன்றாக இருந்தும் இறங்கிய ஆயில் மிகக் குறைவாக இருக்கலாம். வெளியே எங்கும் கசிவும் தெரியாது. வேக்குவம் மாடுலேட்டர் உள்ள பெட்டியாக இருந்தால் அதற்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். குழாய்க்குள் சிவப்பு ஆயில் இருந்தால் மாடுலேட்டரின் உள்சவ்வு கிழிந்துவிட்டது. என்ஜின் அதன் வழியாக ஆயிலை உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. சைலன்ஸரில் வரும் வெண்புகைக்கும் பல சமயங்களில் இதுவே காரணம். சிறிய உறுப்புதான், மாற்றுவதும் எளிது.

ஃபில்டரும் கேஸ்கெட்டும்

ஃபில்டர் வால்வு பாடியின் அடியில் சில திருகாணிகளாலோ ஒரே போல்ட்டாலோ பிடித்திருக்கும். அதைக் கழற்றும்போதும் ஆயில் ஒழுகும். பழைய ஃபில்டரைப் புதியதன் பக்கத்தில் வைத்து, துளைகளும் உயரமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் ஃபில்டருக்குப் பதில் உலோக வலை இருக்கும். கிழியாமல் இருந்தால் கழுவி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

டர்போ ஹைட்ராமேட்டிக் 400 பெட்டியில் ஃபில்டரிலிருந்து ஒரு குழாய் மேலே போய்ப் பெட்டியின் துளையில் செருகி நிற்கும்; அதன் நுனியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஃபில்டரை இழுக்கும்போது பழைய வளையம் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது வழக்கம். அதைக் கவனிக்காமல் விட்டாலும், புதிய வளையம் செருகும்போது மடங்கினாலும் பம்ப் அந்த இடைவெளியில் காற்றை உறிஞ்சும். ஆயில் நுரைத்து அழுத்தம் விழும். அளவு சரியாக இருந்தும் பெட்டி முனகும். விரலை விட்டுத் தடவிப் பழையதை எடுத்துவிட்டு, புதிய வளையத்தில் ஆயில் தடவி நேராகச் செருகுங்கள். போர்டு சி-4 பெட்டிகளில் வேறொரு கவனம் தேவை: ஃபில்டரை இறக்கும்போது அது தாங்கியிருக்கும் ஒரு சிறிய வால்வும் ஸ்பிரிங்கும் கீழே விழக்கூடும். எந்தத் திசையில் இருந்தன என்பதை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியானாலும் வால்வு பாடியின் போல்ட்டுகளைத் தொட வேண்டாம். ஃபில்டரின் திருகாணிகளையும் மிதமாகவே இறுக்க வேண்டும்.

சம்பைக் கழுவி உலர்த்தியபின், நூல் உதிரும் பழைய பனியனால் துடைக்காதீர்கள். உதிர்ந்த ஓர் இழை போதும், ஒரு வால்வு சிக்கிக்கொள்ள. சம்பின் விளிம்பை நேரான பலகையில் வைத்துப் பாருங்கள். முன்பு யாரோ வலுவாக முறுக்கியதால் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு மேல்நோக்கிக் குழிந்திருக்கும். எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டாலும் அந்த மேடுகளுக்கிடையே ஆயில் கசியும். விளிம்பைக் கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். பெட்டியின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். புதிய கேஸ்கெட்டை உலர்வாகவே வைக்கலாம். சிலிகான் பசை தேவையில்லை. பிதுங்கி உள்ளே விழும் பசைத் துணுக்கு ஃபில்டரை அடைக்கும்.

போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் பொருத்தி, எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பல பெட்டிகளுக்குச் சுமார் 16 நியூட்டன் மீட்டர், அதாவது 12 பவுண்டு-அடி போதும். கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளுங்கள். கார்க் கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கும்வரை முறுக்கினால் அது பிளந்துவிடும்.

ஊற்றுவதும் அளப்பதும்

இறங்கியதைவிட அரை லிட்டர் குறைவாக முதலில் ஊற்றி, என்ஜினை இயக்கி, உடனே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஃபில்டரும் வழிகளும் நிரம்புவதால் மட்டம் கீழே போயிருக்கும். சிறிது சிறிதாகச் சேர்த்துக் குறைந்தபட்சக் கோட்டை எட்டச் செய்யுங்கள். ஆயில் இல்லாமல் என்ஜின் ஓடினால் பம்ப் வறண்டு தேயும். பிறகு காரைத் தரையில் இறக்கி, பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி, செலக்டரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய்ச் சில விநாடிகள் நிறுத்தித் திரும்புங்கள்.

இறுதி அளவை ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகே எடுக்க வேண்டும். சுமார் 10 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ அரை லிட்டர் விரிவடைகிறது. குளிர்ந்த நிலையில் உச்சக் கோடு வரை ஊற்றிவிட்டால் சூடேறியதும் மிகையாகிவிடும். மிகையான ஆயிலில் சுழலும் கியர்கள் தோய்ந்து அதை மோர் கடைவதுபோல் கடைய, நுரை எழுகிறது. நுரைக்கு அழுத்தம் தாங்கும் வலுவில்லை, கிளட்ச் வழுக்குகிறது. குறைவாக ஊற்றினாலும் பம்ப் காற்றை உறிஞ்சி அதே விளைவுதான். எனவே சமதளத்தில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுமார் இருபது நிமிடம் ஓட்டி வந்த பிறகு பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு கார்களில் பார்க் நிலையில் அளக்க வேண்டும். பழைய டார்க்ஃபிளைட் பெட்டிகளில் பார்க்கில் கன்வெர்ட்டருக்கு ஆயில் போவதில்லை என்பதால் நியூட்ரலில், கைபிரேக்கைப் போட்டுக்கொண்டு அளப்பதே முறை.

நெடுநாள் நின்ற காரில் கன்வெர்ட்டரில் உள்ள ஆயில் மெல்ல சம்புக்கு வடிந்துவிடும். என்ஜினை இயக்காமல் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பவருக்கு மட்டம் உச்சக் கோட்டைத் தாண்டி நிற்பதுபோல் தெரியும். அதைக் கண்டு ஆயிலை வெளியே எடுத்துவிடக் கூடாது. முதல் முறை இயக்கும்போது கியர் பிடிக்கச் சில விநாடி ஆவதும் இதனால்தான்.

சம்பைக் கழற்றினால் இறங்குவது மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான். மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடுகிறது. 10 லிட்டர் கொள்ளும் பெட்டியில் 4 லிட்டர் மாற்றினால் 40 சதவீதம் புதியது. இன்னொரு முறை மாற்றினால் 64 சதவீதம், மூன்றாம் முறை 78 சதவீதம். 1960கள், 70களின் போர்டு, கிறைஸ்லர் பெட்டிகள் பலவற்றில் கன்வெர்ட்டருக்கே ஆயிலை வடித்து இறக்கும் பிளக் இருந்தது. மெர்சிடிஸ் பெட்டிகள் பலவற்றிலும் உண்டு. முன்பக்க மூடியைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுழற்றி அந்தப் பிளக்கைக் கீழே கொண்டுவந்தால் ஏறக்குறைய முழு ஆயிலையும் ஒரே தடவையில் மாற்றலாம். அப்படி மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவும் இரட்டிப்பாகும் என்பதை நினைவில் வையுங்கள். பிளக் இல்லாத பெட்டிக்கு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் இரண்டாம் முறை மாற்றுவதே எளிய வழி. ஃபில்டர் அப்போதும் சுத்தமாக இருந்தால் அதை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றலாம்.

முதல் பயணம் முடிந்து கார் ஆறியதும் சம்பின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கார்க் கேஸ்கெட் வெப்பத்தில் சற்று அமர்ந்திருக்கும். போல்ட்டுகளை அதே அளவுக்கு ஒருமுறை சரிபார்த்து, மறுநாள் ஓட்டி வந்தபின் மட்டத்தையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். பழைய ஆயிலைக் குப்பிகளில் மூடி, பயன்படுத்திய ஆயில் வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் ஊற்றிய ஆயிலின் வகையையும் ஒரு சிறு சீட்டில் எழுதி டிப்ஸ்டிக் குழாயின் கழுத்தில் கட்டி வையுங்கள். அடுத்தமுறை மட்டம் குறைந்து ஊற்றுபவர் யாரானாலும் தவறான குப்பியை எடுக்க மாட்டார்.